குப்பிக்குள் வளர்ந்த ஈரல்

இளவரசிக்கு மனிதர்களோடு பேசத் தெரியாது என்பது அவள் வேலை பார்த்த ஆய்வகத்தில் எல்லாரும் ஒப்புக்கொண்ட விஷயம். செல்களோடு நன்றாகப் பேசுவாள். "தின்னு சனியனே, நேத்துதானே புது மீடியம் ஊத்தினேன், அதுக்குள்ள என்ன மஞ்சளாயிட்ட?" என்று குப்பியைத் தூக்கிப் பிடித்துத் திட்டுவது கதவுக்கு வெளியே கேட்கும். தெற்கு டெல்லியில் ஒரு மத்திய அரசு ஆராய்ச்சி நிலையம். அங்கே ஈரல் செல்களை வளர்ப்பதுதான் முப்பது வருடமாக அவள் பிழைப்பு. தட்டையான பிளாஸ்டிக் குப்பி, அதன் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் செல்கள், மேலே இளஞ்சிவப்பு மீடியம். அந்த மீடியத்தில் சர்க்கரை உண்டு, உப்பு உண்டு, அமினோ அமிலங்கள் உண்டு. செல்கள் அவற்றைத் தின்று கழிவை அதே மீடியத்தில் விடும். வேளாவேளைக்கு மாற்றாவிட்டால் தன் கழிவிலேயே கிடந்து சாகும்.

போடிநாயக்கனூரில் விலங்கியல் படித்துவிட்டு, விமான நிலையத்தில் வேலையாயிருந்த அண்ணன் கதிரவனை நம்பி டெல்லிக்கு ரயிலேறியவள். ஒரே ஒரு மாப்பிள்ளை பார்க்க வந்தான். கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட முடியுமா என்று கேட்டான். உங்களால் முடியுமா என்று இவள் கேட்டாள். காப்பி ஆறுவதற்குள் அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். அதற்குப் பின் யாரும் வரவில்லை, இவளும் தேடவில்லை. நிலையத்துக் குடியிருப்பில் ஒற்றை அறை வீடு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் டெல்லியிலேயே துவாரகாவில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குக் கூப்பிட்டால், "லீவுன்னா செல்லுக்குப் பசிக்காதா?" என்பாள். அது பாதி நிஜம். மீதி நிஜம் அண்ணி பிரியதர்ஷினி.

பிரியதர்ஷினி கரோல் பாக்கில் பிறந்து வளர்ந்தவள், அப்பா மத்திய அரசில் குமாஸ்தா. கல்யாணமான புதிதில், இந்த நாத்தனார் வந்ததும் வராததுமாகச் சமையலறையில் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவி, பையில் கொண்டுவந்த ஸ்பிரிட்டால் மேடையைத் துடைத்துவிட்டுத்தான் தக்காளி நறுக்கினாள். ஆய்வகப் பழக்கம், அவ்வளவுதான். ஆனால் தன் அடுக்களையை ஒருத்தி ஸ்பிரிட் போட்டுத் துடைத்ததை எந்தப் பெண்ணும் மறப்பதில்லை. பிரியதர்ஷினியும் மறக்கவில்லை.

கதிரவன் குடிக்காதவர். ஆனாலும் ஈரல் கெட்டுவிட்டது என்றதும் அவர்கள் குடியிருப்பில் பாதிப் பேர் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். அவருக்கு ஈரலில் கொழுப்பு சேர்ந்து சேர்ந்து, சத்தமில்லாமல் இறுகிவிட்டது. ஒரு நாள் காலை நடைக்குப் போனவர் லிஃப்டுக்குள் நின்று மேலும் கீழுமாகப் போய்க்கொண்டே இருந்தார், எந்த மாடி என்று தெரியவில்லை. காவலாளி கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டான். ரத்தத்தில் அம்மோனியா தேங்கி மூளையைக் குழப்பியிருக்கிறது என்றது ஆஸ்பத்திரி. குடலைச் சுத்தமாக வைக்க லாக்டுலோஸ் சிரப் கொடுத்தார்கள். தினமும் இரண்டு மூன்று தடவை வயிறு போகவேண்டும், அதுதான் மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம் என்று சொல்லி அனுப்பினார்கள். உணவு ஆலோசகர் ஒரு பெண் ஏதோ சொல்ல வந்தாள். வீட்டிலேயே ஈரல் ஆராய்ச்சிக்காரி இருக்கும்போது அவளை யார் கேட்பது?

அன்று சாயங்காலம் பிரியதர்ஷினி தானாகவே இளவரசிக்குப் போன் செய்தாள். அப்படி அவள் செய்து பல வருடம் இருக்கும்.

"இந்த அம்மோனியா எங்கேர்ந்து வருது? உனக்குத் தெரியும்ல?"

இளவரசிக்குத் தெரிந்தது ஒரே ஒரு பதில். முப்பது வருடமாகக் கண்ணால் பார்த்த பதில். மீடியத்தில் குளூட்டமின் என்ற அமினோ அமிலத்தைக் கொஞ்சம் கூட்டிப் போட்டால் போதும், செல்கள் அதை உடைத்து அம்மோனியாவை வெளியே தள்ளும். அம்மோனியா ஏற ஏறச் செல்கள் சுருங்கும், தரையை விட்டுப் பெயர்ந்து மிதக்கும். அதை எத்தனை குப்பியில் பார்த்துக் கீழே கொட்டியிருக்கிறாள்!

"புரதம்தான் அண்ணி. புரதம் உடைஞ்சா அமினோ அமிலம், அது உடைஞ்சா அம்மோனியா. பருப்பு, முட்டை, கறி, தயிர், பனீர் எல்லாத்தையும் நிறுத்துங்க."

"பக்கா?"

"நான் தினம் பாக்குறேன்ல."

அதுவரை இளவரசி சொன்ன எதையும் கேட்காத பிரியதர்ஷினி, இதை மட்டும் கேட்டாள். சாமி கும்பிடுகிற மாதிரி கேட்டாள். கஞ்சி, குளூக்கோஸ், வேகவைத்த சுரைக்காய். எதிர்வீட்டு அம்மாள் வந்து, காமாலைக்காரருக்கு மஞ்சள் போட்டால் உடம்பு இன்னும் மஞ்சளாகும் என்றதால் மஞ்சள்தூளும் போயிற்று. கீழ்வீட்டுக்காரி சொன்னதால் எண்ணெய் போயிற்று. தெருமுனைக் கரும்புச்சாறு வந்து சேர்ந்தது. மழைக்காலம் முடிவதற்குள் கதிரவன் பாதியாகிவிட்டார். நீர் கோத்த வயிறு மட்டும் அப்படியே முன்னால் நின்றது. கையும் தொடையும் கயிறாயின. குளிக்க வைக்கும்போது தோளெலும்பில் சோப்பு தங்காமல் வழுக்கி ஓடியது.

மாற்று ஈரல்தான் வழி என்றார்கள். ஒரே மகள் சிந்து, குர்கானில் வேலை பார்ப்பவள், தன் ஈரலில் ஒரு பகுதியைத் தருவதாகச் சொல்லிவிட்டாள். அவளுக்குச் சோதனைகள் எல்லாம் பொருந்தி வந்தன. அறுவை மருத்துவர் கதிரவனை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னார். கதிரவன் முன்னால் சாய்ந்தார், மூச்சு வாங்கினார், மறுபடி சாய்ந்தார். எழுந்திருக்க முடியவில்லை.

மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. "இந்த உடம்பை இப்போ டேபிள்ல போட்டா திரும்ப எழுந்திருக்காது. பிழைக்காத ஒருத்தருக்காக இந்தப் பொண்ணை நான் வெட்டமாட்டேன். நல்லாச் சாப்பிட வைங்க. தீபாவளி முடிஞ்சு வாங்க. அப்பவும் இப்படியே இருந்தா, ஆபரேஷன் கிடையாது."

உணவு ஆலோசகர் தட்டில் என்ன போகிறது என்று விசாரித்தாள். கேட்டவுடன் பேனாவை மேஜைமேல் போட்டாள். "புரதத்தை நிறுத்தச் சொன்னது யார்?"

பிரியதர்ஷினி கூட வந்திருந்த நாத்தனாரை நோக்கி ஒரு விரலை நீட்டினாள். "இவங்க. சயின்டிஸ்ட்."

இளவரசி ஒப்புக்கொள்ளவில்லை. புத்தகத்தைப் படித்துவிட்டுப் பேசுகிறாள் சின்னப் பெண், ஒரு செல்லையாவது வளர்த்திருப்பாளா என்று பொருமிக்கொண்டே மெட்ரோ ஏறினாள். மறுநாள் காலை ஆய்வகத்தில் ஜ்யோத்ஸ்னாவிடம் போய் நின்றாள்.

ஜ்யோத்ஸ்னா அந்தப் பிரிவின் தலைவி. வயதில் இளவரசிக்கு மகள் மாதிரி, பேச்சில் மாமியார் மாதிரி. நோயாளியின் ரத்தத்தை ஒரு குழாய்க்குள் வளரும் ஈரல் செல்கள் வழியாக ஓடவிட்டு அம்மோனியாவை நீக்க முடியுமா என்பது அவள் ஆராய்ச்சி. குப்பிகளில் நாளுக்கு நாள் யூரியா ஏறுவதை அளந்தவள் இளவரசி. நல்ல ஈரல் அம்மோனியாவை யூரியாவாக மாற்றும். ஆகவே செல்கள் அம்மோனியாவைத்தான் யூரியாவாக மாற்றுகின்றன, கொஞ்சமாகச் செய்வதால்தான் மிச்ச அம்மோனியாவில் சாகின்றன என்று அவள் அடித்துச் சொல்லியிருந்தாள். ஜ்யோத்ஸ்னா நம்பவில்லை. கனமான நைட்ரஜன் வைத்துச் செய்த அம்மோனியாவை மீடியத்தில் கலந்துவிட்டாள். அந்த நைட்ரஜன் போகிற இடத்தைக் கருவி காட்டிக்கொடுத்துவிடும்.

"வாங்கோ இளவரசி-ஜி. ரிசல்ட் வந்துடுத்து. சந்தோஷப்பட மாட்டேள்."

"சொல்லுங்க."

"யூரியாவுல கனமான நைட்ரஜன் இல்லவே இல்ல. நாம போட்ட அம்மோனியாவை உங்க செல்லுங்க தொடவே இல்ல."

"அப்ப யூரியா எங்கேர்ந்து வந்துச்சு?"

"மீடியத்துல ஆர்ஜினின் இருக்கோல்லியோ? அந்த அமினோ அமிலத்தை வெட்டினா ஒரு துண்டு யூரியா. அதைத்தான் பண்ணிண்டிருக்கு. அம்மோனியாவைப் பிடிச்சு மாத்தற படிகள்ல ரெண்டு இந்த செல்லுக்கு இல்ல. கேன்சர் கட்டியிலேர்ந்து எடுத்து வருஷக்கணக்கா பிளாஸ்டிக்ல வளந்த செல். ஈரல் பண்றதை எல்லாம் பண்ணும்னு யார் சொன்னா?"

இளவரசி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அண்ணன் விஷயத்தைச் சொன்னாள். தெரிந்த ஒருவருக்கு என்றுதான் ஆரம்பித்தாள், நடுவில் அண்ணன் என்று வந்துவிட்டது. ஜ்யோத்ஸ்னா அனுதாபப்படவில்லை.

"குப்பிக்குள்ள தசை எங்கே இருக்கு?"

"என்னது?"

"தசை, மஸில். ஈரல் கெட்டவனுக்குத் தசைதான் ரெண்டாவது ஈரல். ரத்தத்துல சுத்தற அம்மோனியாவை அது வாங்கிக் குளூட்டமினா கட்டி வெச்சுக்கும். சாப்பாடு போடலேன்னா உடம்பு அந்தத் தசையையே அறுத்துத் தின்னும். அதுலேர்ந்தும் அமினோ அமிலம்தான் வரும், அம்மோனியாதான் வரும். வாங்கி வெச்சுக்க மட்டும் ஆள் இருக்காது. ஒரு மனுஷனைக் குப்பி மாதிரி வளத்திருக்கேள், இளவரசி-ஜி. ஹத் ஹை! இதுக்கும் ஒரு எல்லை இல்லையா?"

அன்று அவள் எந்தச் செல்லையும் திட்டவில்லை. மீடியத்தை மாற்றிவிட்டுக் கிளம்பினாள். வழியில் பனீரும் தயிரும் முட்டையும் வாங்கிக்கொண்டு துவாரகாவில் இறங்கினாள்.

பிரியதர்ஷினி பையைப் பார்த்தாள். "யாருக்கு?"

"அண்ணனுக்கு. நான் சொன்னது தப்பு அண்ணி. புரதம் குடுக்கணும். ஒரேயடியா இல்ல, கொஞ்சம் கொஞ்சமா, நாலஞ்சு வேளையா."

"அச்சா. நீதானே பக்கான்னு சொன்னே?"

"சொன்னேன்."

"தினம் பாக்குறேன்னே."

"பாத்தது வேற. அது குப்பி."

"இப்போ இது சரின்னு யார் சொன்னா? நாளைக்கு வந்து இதுவும் தப்பு, அது வேற குப்பின்னு சொல்வியா? லிஃப்டுல மாட்டிக்கிட்டு நின்னாரே, அன்னிக்கு நீ இருந்தியா? பக்கத்து வீட்டுக்காரங்க முன்னாடி என் பேரே தெரியாம முழிச்சாரே, அதை நீ பாத்தியா? இவ்வளவு நாள் குழப்பம் இல்லாம வெச்சிருக்கேன் நான். பஸ், போதும். எடுத்துட்டுப் போ."

உள்ளேயிருந்து கதிரவன் குரல் கொடுத்தார். "ஏ பிரியா, அந்த முட்டைய மட்டுமாவது உள்ள விடு."

"நீங்க சும்மா இருங்க!" என்றார்கள் இரண்டு பெண்களும் ஒரே சமயத்தில். அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

இளவரசிக்கு வாய் அடங்கவில்லை. மனதில் எப்போதோ புகுந்திருந்ததை எடுத்து வீசினாள். "உண்மையச் சொல்லுங்க. அண்ணன் உடம்பு தேறினா சிந்துவ வெட்டுவாங்க. அது நடக்கக்கூடாதுன்னுதான பட்டினி போடுறீங்க?"

பிரியதர்ஷினி அடிப்பாள் என்றுதான் இளவரசி நினைத்தாள். அவள் அடிக்கவில்லை.

"ஆமா, பயமாத்தான் இருக்கு. ஒருத்தரைக் காப்பாத்தப் போயி ரெண்டு பேரையும் டேபிள்ல படுக்க வைக்கணும். நீ பெத்திருந்தா தெரியும். உனக்கு என்ன, செத்தா குப்பியைக் கழுவிட்டு அடுத்தது வளப்பே."

இதற்குமேல் கெட்ட வார்த்தை இரண்டு பேரிடமும் இல்லை. சண்டையை முடித்தவள் சிந்து. அன்று மாலை வேலையிலிருந்து நேரே வந்தாள். அவளுக்குத் தமிழ் தடுமாறும், கோபம் வந்தால் இந்திதான். அப்பா எழுந்து நிற்காவிட்டால் தன்னை யாரும் வெட்டப்போவதில்லை, அம்மா ஜெயித்துவிடலாம், ஆனால் அந்த ஜெயிப்போடு அம்மா தனியாகத்தான் இருக்கவேண்டிவரும் என்றாள். அத்தை இங்கேயே தங்கிச் சமைக்கட்டும் என்றாள். அம்மா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இளவரசி ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்தாள். முப்பது வருடத்தில் முதல் தடவையாக நீண்ட விடுப்பு. காலையில் சத்துமாவுக் கரைசல், பத்து மணிக்கு முட்டை, மதியம் கெட்டிப் பருப்பு, சாயங்காலம் பனீர், படுக்கும்முன் தயிர்சாதம். மஞ்சள்தூள் திரும்பி வந்தது. சாப்பிட்டு முடித்ததும் நாற்காலியில் உட்காரவைத்து, எழுப்பி, உட்காரவைத்து எழுப்புவாள். கதிரவன் கெஞ்சுவார். "தாயி, விடு தாயி, மூச்சு முட்டுது." "முட்டட்டும். எந்திரிங்க." ஒரே அடுக்களையில் இரண்டு அடுப்பு, இரண்டு சமையல், பேச்சு கிடையாது. பாத்திரங்கள்தான் பேசின.

தீபாவளிக்கு முந்தின வாரம் அவர் ஒரு கையை மட்டும் ஊன்றி எழுந்தார். பிரியதர்ஷினி கதவு இடுக்கில் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

தீபாவளி அன்று வீடு நிறைய ஆட்கள். விமான நிலையத்துப் பழைய சகாக்கள், கரோல் பாக் உறவுகள். வெளியே பட்டாசுப் புகை, ஜன்னல்கள் எல்லாம் அடைப்பு. மறுநாள் காலை கதிரவன் மோர்க் கிண்ணத்துக்குள் மூக்குக்கண்ணாடியை மெதுவாக இறக்கி வைத்தார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதற்குச் சிரித்தார். கையை நீட்டச் சொன்னபோது உள்ளங்கை பறவைச் சிறகு மாதிரி படபடத்தது.

பிரியதர்ஷினி கத்தவில்லை. மிக மெதுவாகச் சொன்னாள். "பாத்துக்கோ. உன் முட்டை."

அந்த நிமிடத்தில் இளவரசிக்கு மிதக்கும் செல்கள்தான் கண்முன் வந்தன. அமினோ அமிலத்தைக் கூட்டினோம், அம்மோனியா ஏறியது, பெயர்ந்து போகிறது. ஜ்யோத்ஸ்னா சொன்னது, ஆலோசகர் சொன்னது எல்லாம் எங்கோ போய்விட்டன. அண்ணி சொல்வதுதான் சரியோ என்று வாய்வரை வந்தது. ஆனால் நின்று விவாதிக்க நேரமில்லை. இருவரும் ஆளுக்கொரு தோளில் தாங்கி அவரைக் காரில் ஏற்றினார்கள்.

அவசரப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர் காய்ச்சல் பார்த்தார், வயிற்றைத் தட்டினார், ரத்தம் எடுக்கச் சொன்னார். பிறகு கேட்டார். "கடைசியா எப்போ மோஷன் போனார்?"

இளவரசி அண்ணியைப் பார்த்தாள். அண்ணி இளவரசியைப் பார்த்தாள். சாப்பாடு இளவரசி பொறுப்பு, மருந்து பிரியதர்ஷினி பொறுப்பு என்று பேசாமலே பங்கு போட்டிருந்தார்கள். கழிப்பறையை யாரும் பங்கில் எடுத்துக்கொள்ளவில்லை. படித்தவள் ஒருத்தி, குடும்பம் நடத்தியவள் ஒருத்தி. இரண்டு பேரும் வாயில் என்ன போகிறது என்பதற்காக வாரக்கணக்கில் சண்டை போட்டவர்கள், வெளியே என்ன போகிறது என்று பார்க்கவில்லை. பராமரிப்பில் இதைவிடப் பெரிய தப்பு கிடையாது.

கதிரவனிடமிருந்து உண்மை துண்டு துண்டாக வந்தது. தீபாவளிக்கு ஆட்கள் வருவார்கள், நடுவில் எழுந்து எழுந்து கழிப்பறைக்கு ஓடவேண்டும், எல்லாரும் பார்ப்பார்கள் என்று வெட்கப்பட்டு, சிரப்பை வாயில் வாங்கி வாஷ்பேசினில் துப்பியிருக்கிறார். அண்ணி ஊற்றிக் கொடுத்தாள், விழுங்கினாரா என்று பார்க்கவில்லை. இரண்டு நாளாக வயிறு போகவில்லை.

எனிமா கொடுத்தார்கள். சிரப்பைக் கூட்டினார்கள். மறுநாள் அவருக்குத் தெளிந்துவிட்டது. "பிரியா, ஏன் ரெண்டு பேரும் சேந்து நிக்கிறீங்க? ஏதும் ஆகிப்போச்சா?" என்று கேட்டார். சாப்பாட்டை நிறுத்தவா என்று பிரியதர்ஷினி மருத்துவரிடம் கேட்டாள். ஒரு வேளைகூட நிறுத்தக்கூடாது என்றார் அவர்.

அதற்காக அவள் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. இளவரசியும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் பிரியதர்ஷினி சிரப் பாட்டிலையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு புருஷன் எதிரே நின்றாள். "வாயைத் திறங்க. முழுங்குங்க. நாக்கைக் காட்டுங்க." அவர் கழிப்பறைக்குப் போனால் கதவுக்கு வெளியே நின்று, "ஆச்சா?" என்று கீழ்வீடு வரை கேட்கிற மாதிரி கேட்டாள். கதிரவனுக்கு மானம் போயிற்று. புத்தி மட்டும் இடத்தில் இருந்தது.

இளவரசி முட்டையை வேகவைக்கப் போனால், "நகரு, பாறை மாதிரி வேகவைக்கிறே, மனுஷன் எப்படித் தின்னுவான்?" என்று அடுப்பைப் பிடுங்கிக்கொண்டாள். அதன் பிறகு பனீரும் பருப்பும் அவள் கைக்கே போயின. இளவரசிக்கு நாற்காலிப் பயிற்சி மட்டும் மிஞ்சியது. அதையும் அவள் செய்யும்போது, "மெதுவா! அவர் என்ன உன் எலியா?" என்று அடுக்களையிலிருந்து குரல் வரும்.

"எலி இதைவிடச் சொன்ன பேச்சு கேக்கும்" என்பாள் இளவரசி.

நவம்பர் பனிமூட்டத்தில் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அறுவை மருத்துவர் நாற்காலியைக் காட்டினார். கதிரவன் கைகளை மார்பின்மேல் கட்டிக்கொண்டு எழுந்தார், உட்கார்ந்தார், எழுந்தார். நான்காவது தடவை கால் நடுங்கியது, ஆனாலும் எழுந்தார். போதும் என்றார் மருத்துவர். கையை அழுத்திப் பார்த்தார், தொடையைப் பிடித்துப் பார்த்தார். சிந்துவைக் கூப்பிட்டு, மனது மாறவில்லையே என்று தனியாகக் கேட்டார். பிறகு எல்லாரையும் உள்ளே அழைத்து, அடுத்த மாத முதல் வாரம் என்று தேதி கொடுத்தார்.

கதிரவனும் சிந்துவும் சோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போனார்கள். வெளியே நடைக்கூடத்து பெஞ்சில் இரண்டு பெண்களும் நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். பிரியதர்ஷினி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அழுதாளா என்று இளவரசி திரும்பிப் பார்க்கவில்லை.

"இளவரசி."

"ம்."

"அவர் பொழைச்சா, அது டாக்டர் செஞ்சது. சிந்துவுக்கு மட்டும் ஏதாவது ஆச்சு, சாகுறவரைக்கும் உன்னை விடமாட்டேன்."

"விடாதீங்க" என்றாள் இளவரசி.